டிரைவர் இல்லாத டாக்சி வேண்டுமா? எல்லை மலைகளில் ஜீப் ஏறுவோர் கேட்பது வேறு

விடியற்காலை நான்கரை மணி. கம்பத்தில் டீக்கடை பாய்லர்கள் சூடேறும் நேரம். தலையில் துண்டு, கையில் தூக்குவாளி, இடுப்பில் ஒரு பழைய சட்டை என்று பெண்கள் தெருமுனைகளில் கூடி நிற்பார்கள். ஏலக்காட்டு வேலைக்குப் போகிறவர்கள். ஜீப்புகள் முனைக்கு முனை நின்று ஆள் ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு மலைப்பாதையில் ஏறும். போடியிலிருந்து கிளம்புபவை போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பூப்பாறை, சாந்தன்பாறைப் பக்கம் போகும். கூடலூர், கோம்பை, தேவாரம் என்று தேனி மாவட்டத்தின் மலையடிவார ஊர்களில் எல்லாம் காலைக் காட்சி இதுதான். பொழுது நன்றாக விடிவதற்குள் உடும்பஞ்சோலை, நெடுங்கண்டம், வண்டன்மேடு தோட்டங்களில் இவர்கள் இறங்கியிருக்க வேண்டும்.

"தம்பி, இன்னும் மதினி வரலை. ரெண்டு நிமிஷம் பொறு" என்று பின்னாலிருந்து ஒரு குரல் எழும். "நேரமானா கங்காணி என்னையத்தான் ஏசுவாரு, அக்கா" என்று டிரைவர் முணுமுணுப்பார். ஆனாலும் வண்டியை நகர்த்த மாட்டார். மதினி மூச்சிரைக்க ஓடிவந்து ஏறிய பிறகே கியர் விழும்.

இந்த இரண்டு நிமிடத்தை மனதில் வைத்துக்கொண்டுதான் வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு செய்தியைப் பார்க்க வேண்டியிருக்கிறது. டிரைவரே இல்லாமல் தானாக ஓடும் டாக்சிகள் உலகின் சில நகரங்களில் வந்துவிட்டன. நாளை இங்கும் வரலாம் என்று பேசப்படுகிறது. வரட்டும், வராமல் போகட்டும். பிரயாணம் செய்கிற ஜனங்கள் உண்மையில் அதைக் கேட்கிறார்களா என்பதே கேள்வி.

வெளிநாட்டில் நடப்பது என்ன?

கூகுள் நிறுவனம் 2009-ல் ஆராய்ச்சியாகத் தொடங்கிய வேலை இது. அதிலிருந்து பிறந்த வேமோ என்ற கம்பெனி, 2020 அக்டோபரில் அமெரிக்காவின் பீனிக்ஸ் நகரப் புறப்பகுதியில், டிரைவர் இருக்கையில் ஆளே இல்லாத காரில் பொதுமக்களை ஏற்றத் தொடங்கியது. 2024 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ நகரில் யார் வேண்டுமானாலும் இந்த டாக்சியைக் கூப்பிடலாம் என்றாயிற்று. 2025 ஏப்ரலில் வாரத்திற்கு இரண்டரை லட்சத்திற்கும் மேற்பட்ட சவாரிகள் நடந்ததாக அந்தக் கம்பெனி கணக்குக் காட்டியது. சீனாவில் வூஹான் நகரத்திலும் பைடு கம்பெனியின் டாக்சிகள் இவ்வாறே ஓடுகின்றன.

வண்டி எப்படி ஓடுகிறது? காரின் தலைமேல் ஒரு கருவி ஒளித் துடிப்புகளை எல்லாத் திசைகளிலும் அனுப்புகிறது. அவை எதிரே உள்ள பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரம் கணக்கிடப்படுகிறது. இதற்கு லைடார் என்று பெயர். அத்துடன் காமிராக்களும் ரேடாரும் உண்டு. ஒவ்வொரு தெருவையும் முன்கூட்டியே துல்லியமாக அளந்து வரைந்த வரைபடம் கம்ப்யூட்டரில் இருக்கிறது. கண் பார்த்ததையும் வரைபடத்தையும் ஒப்பிட்டு, கம்ப்யூட்டர் ஸ்டியரிங்கையும் பிரேக்கையும் இயக்குகிறது. வண்டி குழம்பி நின்றால் எங்கோ ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் ஆட்கள் திரையைப் பார்த்து வழி சொல்கிறார்கள். ஆகவே டிரைவர் போய்விட்டாலும் மனிதன் முழுவதும் போய்விடவில்லை.

இந்த வண்டிகள் குடிப்பதில்லை, தூங்குவதில்லை, செல்போனில் பேசுவதில்லை. மனிதர் ஓட்டுவதைவிடக் காயம் உண்டாக்கும் விபத்துகள் தங்கள் வண்டிகளில் குறைவு என்று வேமோ வெளியிட்டுள்ள கணக்குகள் கூறுகின்றன. இதை அலட்சியமாக ஒதுக்கிவிட முடியாது.

ஆனால் கசப்பான நிகழ்ச்சிகளும் உண்டு. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில் சோதனை ஓட்டத்தில் இருந்த கார் ஒன்று, இரவில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடந்த ஒரு பெண்மீது மோதியது. அவர் இறந்தார். அந்தக் காரின் கம்ப்யூட்டர் அவரை ஒரு கணம் வாகனம் என்றும், ஒரு கணம் சைக்கிள் என்றும், ஒரு கணம் வேறு ஏதோ என்றும் மாற்றி மாற்றி எண்ணியதாக விசாரணையில் தெரியவந்தது. சாலையைக் கடப்பதற்கென்று கோடு போடாத இடத்தில் ஒருவர் நடந்து வருவார் என்பதை அது எதிர்பார்க்கவில்லை. சித்தூரிலோ கொழிஞ்சாம்பாறையிலோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்காதவர் யார்?

2023 அக்டோபர் 2 அன்று சான் பிரான்சிஸ்கோவில் வேறொரு கார் இடித்துத் தள்ளிய பெண், குரூஸ் என்ற கம்பெனியின் டிரைவரில்லா டாக்சியின் முன் வந்து விழுந்தார். அந்த டாக்சி அவர்மீது மோதி நின்றது. நின்றதோடு விடாமல், ஓரமாக ஒதுங்க வேண்டும் என்று கணக்கிட்டு, அடியில் சிக்கியவரையும் இழுத்துக்கொண்டு சில அடி தூரம் நகர்ந்தது. அடியில் ஒரு மனிதர் இருக்கிறார் என்பது அதற்குத் தெரியவில்லை. அதே மாதம் 24-ம் தேதி அந்த வண்டிகளின் பெர்மிட் நிறுத்தப்பட்டது. 2024 டிசம்பரில் அதன் தாய் நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் அந்த டாக்சித் தொழிலையே கைவிட்டது. 2025 டிசம்பர் 20 அன்று அதே நகரில் பெரும் மின்தடை ஏற்பட்டு சிக்னல் விளக்குகள் அணைந்தபோது, வேமோ வண்டிகள் பல நடுச்சாலையில் நின்றுவிட்டன. மின்தடை என்பது மலை ஜனங்களுக்கு ஒரு செய்தியே அல்ல.

அங்குள்ளவர்கள் விரும்புகிறார்களா?

அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் ஆண்டுதோறும் இதுபற்றிக் கருத்துக் கேட்கிறது. 2025-ம் ஆண்டுக் கணக்கின்படி, வண்டி ஓட்டுபவர்களில் 100-க்கு 13 பேர்தான் தானாக ஓடும் வண்டியை நம்பி ஏறத் தயார் என்றனர். சுமார் 60 பேர் பயம் என்றனர். முந்தைய ஆண்டில் நம்பியவர்கள் 9 பேர்தான். ஆகவே நம்பிக்கை மெல்ல வளர்கிறது என்றும் சொல்லலாம்.

இதற்கு எதிரான சாட்சியும் உண்டு. 2025 மார்ச், ஏப்ரல் மாதங்களில் சான் பிரான்சிஸ்கோவில் எடுக்கப்பட்ட ஒரு கட்டண ஒப்பீட்டில், வேமோ சவாரிக்குச் சராசரி 20 டாலரும், டிரைவர் ஓட்டும் டாக்சிகளுக்கு 15 டாலரை ஒட்டியும் ஆயின. கூடுதல் பணம் கொடுத்தும் சிலர் ஏறுகிறார்கள். இரவில் தனியாகப் போகும் பெண்களில் சிலர், முன்பின் தெரியாத ஆளோடு போவதைவிட ஆளில்லாத வண்டி மேல் என்கிறார்கள்.

ஜப்பானில் இன்னொரு விதம். எய்ஹெய்ஜி என்ற சிற்றூரில், ரயில் ஓடி நின்றுபோன பழைய பாதையில், சுமார் 2 கிலோமீட்டர் தூரம், மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் ஆளில்லாச் சிறுவண்டி ஒன்று 2023 மே மாதம் ஓடத் தொடங்கியது. அந்த நாட்டின் கிராமங்களில் முதியவர்கள் பெருகிவிட்டார்கள். வண்டி ஓட்ட ஆள் கிடைப்பதில்லை. ஆகவே அங்கு யந்திரம் வருவது ஒரு குறையை நிரப்ப. இங்கு நிலைமை நேர்மாறு. லைசென்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு ஓட்ட வண்டி கிடைக்காமல் நிற்கும் இளைஞர்கள் ஒவ்வொரு ஸ்டாண்டிலும் உண்டு.

தண்டவாளம் வேறு, சாலை வேறு

டிரைவர் இல்லாத வாகனம் இந்தியாவில் ஏற்கனவே ஓடவில்லையா என்று கேட்கலாம். ஓடுகிறது. டில்லி மெட்ரோவின் மெஜந்தா பாதையில் 2020 டிசம்பர் 28 அன்று டிரைவரில்லா ரயில் தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்திற்கும் அத்தகைய ரயில்களே வாங்கப்படுகின்றன.

ஆனால் மெட்ரோ ரயிலுக்குத் தண்டவாளம் உண்டு. குறுக்கே ஆடு வராது, மாடு வராது, கல்யாண ஊர்வலம் வராது. முன்னே போகும் ரயில் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதை சிக்னல் சொல்லிவிடும். மலைச் சாலையில் இவற்றில் எது உண்டு? இடுக்கி மாவட்டத்திற்கோ ரயிலே கிடையாது. மூணாறில் முன்பு ஓடிய குண்டளைப் பள்ளத்தாக்குச் சிறு ரயில் 1924-ம் ஆண்டு வெள்ளத்தில் அழிந்தது. அதன்பின் யாரும் அதைத் திரும்பக் கட்டவில்லை. மதுரையிலிருந்து வரும் அகலப்பாதை 2023 ஜூனில் போடி வரை வந்து மலையடிவாரத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேலே போக பஸ்ஸும் ஜீப்பும்தான்.

பஸ் போகாத இடத்தில் ஜீப் போகும். சூரியநெல்லியிலிருந்து கொழுக்குமலைக்கு ஏறும் பாதையில் ஜீப்பைத் தவிர வேறு வண்டி ஏறாது. மலை தமிழ்நாட்டைச் சேர்ந்தது, ஏறும் வழி கேரளத்தைச் சேர்ந்தது. பறம்பிக்குளமோ பாலக்காடு மாவட்டத்தில் இருக்கிறது, போகும் சாலையோ பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத் தமிழ்நாட்டில் இருக்கிறது. நெம்மாறையிலிருந்து நெல்லியாம்பதிக்குப் பஸ் உண்டு. அங்கிருந்து உள் எஸ்டேட்டுகளுக்குக் கல்லும் குழியுமான வழியில் ஜீப்தான். மழைக்கு மழை இந்தப் பாதைகள் உருமாறும். நேற்று இருந்த ஓரம் இன்று இராது. போன மாதம் வரைந்த வரைபடம் இந்த மாதம் பொய்யாகிவிடும்.

யானை மறித்தால்?

மூணாறில் படையப்பா என்று ஜனங்கள் பெயரிட்டழைக்கும் கொம்பன் யானை சாலையில் வந்து நிற்பது வழக்கம். அரசு பஸ்களே அதன் முன்னால் காத்து நின்றிருக்கின்றன. எதிரே யானை நின்றால் டிரைவர் என்ன செய்வார்? ஹாரன் அடிக்க மாட்டார். காது விசிறுகிறதா, துதிக்கையைச் சுருட்டுகிறதா, குட்டி உடன் இருக்கிறதா என்று பார்ப்பார். நிற்பதா, பின்னால் போவதா என்று அதற்குள் முடிவு செய்வார். "யாரும் பேசாதீங்க, செல்போன் லைட்டை அணைங்க" என்று மெதுவாகச் சொல்வார். ஏறியிருப்பவர்கள் அவர் சொல்வதைக் கேட்பார்கள்.

சின்னக்கானலில் அரிசி தேடிக் கடைகளை உடைத்த அரிக்கொம்பன் யானையை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2023 ஏப்ரல் இறுதியில் பிடித்துப் பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27 அன்று அது கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. ஜூன் 5 அன்று தமிழக வனத்துறை அதை மீண்டும் பிடித்தது. எந்த வரைபடத்திலும் இல்லாத பிரயாணம் அது. எதிரே உள்ளது யானை என்று யந்திரம் கண்டுகொள்ளலாம். அந்த யானை இன்று என்ன மனநிலையில் இருக்கிறது என்பதை ஸ்டாண்டில் நின்று பேசும் டிரைவர்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். "முக்குல நிக்குது அண்ணே, பார்த்துப் போங்க" என்று எதிரே வரும் வண்டி சொல்லிவிட்டுப் போகும் ஒரு வார்த்தையில் எத்தனையோ உயிர் இருக்கிறது.

கணக்கில் வராத வேலை

ஜீப் கட்டணத்தில் தூரத்திற்கு மட்டும் விலை இருக்கிறது. ஆனால் பிரயாணி வாங்குவது தூரத்தை மட்டும் அல்ல.

எஸ்டேட் லயத்தில் ஒருவருக்கு நள்ளிரவில் நெஞ்சுவலி வந்தால், ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டுக் காத்திருக்க நேரம் இராது. பக்கத்து லயத்து ஜீப் டிரைவரின் கதவைத்தான் தட்டுவார்கள். கேஸ் பெரிது என்றால் ஒரு பக்கம் கோட்டயம் மெடிக்கல் காலேஜ், மறுபக்கம் தேனி மெடிக்கல் காலேஜ். இரண்டுமே தொலைவு. நோயாளியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதோடு டிரைவரின் வேலை முடியாது. சீட்டு எழுத வரிசையில் நிற்பதும் அவரே. மலையாளமோ தமிழோ தெரியாத இடத்தில் பேசிக் கொடுப்பதும் அவரே. வாடகை சம்பளம் வந்த பிறகு. அட்டப்பாடியில் சாலை இல்லாத ஊர்களிலிருந்து கர்ப்பிணிகளைத் துணித் தொட்டிலில் தூக்கிவந்த செய்திகளைப் படித்திருக்கிறோம். அந்தத் தொட்டில் சாலைக்கு வந்து சேர்ந்ததும் அதற்காகக் காத்து நிற்க ஒரு வண்டியும் ஓர் ஆளும் வேண்டும்.

ராஜமலை பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. 70 பேர் பலியானார்கள். பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். மின்சாரம் இல்லை, செல்போன் தொடர்பு இல்லை. செய்தி வெளியே வர மறுநாள் காலையாயிற்று. செல்போன் அலையை நம்பி ஓடும் வண்டி அன்றிரவு அங்கே எதற்கு உதவியிருக்கும்? ஆபத்து வேளையில் மலையில் தகவலைக் கொண்டுபோனவர்கள் நடந்தும் வண்டி ஓட்டியும் போன மனிதர்களே.

அன்றாடத்தில் இன்னும் சிறிய வேலைகள் உண்டு. கீழே உள்ள மருந்துக்கடையில் சர்க்கரை மாத்திரை வாங்கி வருவது, ரேஷன் மூட்டையை வாசல்வரை இறக்கி வைப்பது, பள்ளிக்கூடத்துப் பிள்ளையை மழையில் நிறுத்தாமல் ஏற்றிக்கொள்வது. "அண்ணாச்சி, இதை அம்மாகிட்ட குடுத்துருங்க" என்று நீட்டப்படும் பொட்டலத்திற்கு ரசீது கிடையாது, தவறியதும் கிடையாது.

குறையும் உண்டு

டிரைவர்களைத் தெய்வமாக்கிவிடவும் கூடாது. 2022-ம் ஆண்டில் இந்தியச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்பது மத்திய அரசின் கணக்கு. அந்த ஆண்டு அக்டோபர் 5 இரவு, பாலக்காடு மாவட்டம் வடக்கஞ்சேரி அருகே பள்ளிப் பிள்ளைகள் சென்ற சுற்றுலா பஸ், முன்னே போன அரசு பஸ்ஸின் பின்னால் மோதியது. 9 பேர் இறந்தார்கள். அப்போது சுற்றுலா பஸ் மணிக்கு 97 கிலோமீட்டர் வேகத்தில் போனது தெரியவந்தது. அதே ஆண்டு டிசம்பர் 23 இரவு, சபரிமலையிலிருந்து திரும்பிய ஆண்டிபட்டிப் பகுதி ஐயப்ப பக்தர்களின் கார் குமுளி மலைப்பாதையில் பள்ளத்தில் விழுந்து 8 பேர் இறந்தார்கள். வேகக் கட்டுப்பாட்டை மீறாத யந்திரம் ஒன்று அந்த பஸ்ஸில் இருந்திருந்தால் என்று எண்ணாத பெற்றோர் இருக்க முடியாது.

ஏலக்காட்டு ஜீப்புகளின் நிலையும் தெரிந்ததே. உட்கார வேண்டிய இடத்தில் ஒருவர் மடியில் ஒருவராக அடைத்துக்கொண்டு போவது அன்றாடக் காட்சி. விபத்து நடந்தால் சில நாட்கள் சோதனை நடக்கும், பிறகு பழையபடியே. விடியுமுன் ஒரு டிரிப், மாலையில் ஒரு டிரிப், நடுவில் சுற்றுலா சவாரி என்று ஓட்டுபவருக்குத் தூக்கம் எப்போது? சென்னை ரயிலில் இரவு வேளையில் பாலக்காடு ஜங்ஷனில் வந்து இறங்கும் குமாஸ்தாவிடம் கேட்டால் வேறு ஒரு பட்டியல் கிடைக்கும். கூப்பிட்ட இடத்துக்கு வர மறுப்பது, இரவானதும் இரட்டைக் கட்டணம் கேட்பது, மொழி தெரியாதவர் என்று கண்டால் சுற்று வழியில் போவது. கேரள அரசு 2022 மே முதல் ஆட்டோவுக்குக் குறைந்தபட்சக் கட்டணம் 30 ரூபாய், முதல் ஒன்றரை கிலோமீட்டருக்கு என்று நிர்ணயித்தது. நிர்ணயித்த கட்டணம் மீட்டரில் ஓடினால் பாதி வழக்கு தீர்ந்துவிடும்.

இந்தக் குறைகளைச் சொல்பவர்களிடம் "அப்படியானால் டிரைவரே வேண்டாமா?" என்று கேட்டால்தான் விஷயம் விளங்கும். மீட்டர் போடும் டிரைவர் வேண்டும், குடிக்காத டிரைவர் வேண்டும், தூங்கி எழுந்து வரும் டிரைவர் வேண்டும். குறை நீங்க வேண்டும் என்பதே கோரிக்கை. ஆள் நீங்க வேண்டும் என்பது வண்டி விற்பவர்களின் கோரிக்கை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதில்தான் தவறு பிறக்கிறது.

வாளையார் ரயில்பாதையில் ஒரு பாடம்

யந்திரமும் மனிதனும் எப்படிச் சேர்ந்து வேலை செய்யலாம் என்பதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. கோவைக்கும் பாலக்காட்டுக்கும் நடுவே மதுக்கரை, எட்டிமடை, வாளையார் வழியே காட்டோரமாக ரயில்பாதை போகிறது. யானைகள் காலங்காலமாகக் கடக்கும் இடம். 2021 நவம்பர் 26 இரவு நவக்கரை அருகே மங்களூர் – சென்னை எக்ஸ்பிரஸ் மோதி மூன்று யானைகள் இறந்தன.

2024 பிப்ரவரியில் தமிழக வனத்துறை மதுக்கரைப் பகுதியில் 12 கோபுரங்கள் அமைத்து, இரவிலும் பார்க்கும் காமிராக்களைப் பொருத்தியது. தண்டவாளத்தை நோக்கி யானை வருவதைக் கம்ப்யூட்டர் கண்டுபிடித்து எச்சரிக்கிறது. கட்டுப்பாட்டு அறையில் உள்ளவர்கள் வனக் காவலர்களுக்கும் ரயில்வேக்கும் தகவல் தருகிறார்கள். எஞ்சின் டிரைவர் வேகத்தைக் குறைக்கிறார். காவலர்கள் போய் யானையைக் கடத்தி விடுகிறார்கள்.

இங்கே கண் யந்திரத்துடையது, கை மனிதனுடையது. எஞ்சினில் இருந்த ஆளை யாரும் இறக்கிவிடவில்லை. இருட்டில் அவருக்குத் தெரியாததைத் தெரியவைத்தார்கள், அவ்வளவுதான். மலைப்பாதை ஜீப்புக்கும் இதுவே பொருந்தும். வளைவுக்கு அப்பால் வண்டி வருவதைச் சொல்லும் கருவி, டிரைவர் கண்ணயர்ந்தால் ஒலி எழுப்பும் கருவி, வேகத்தைத் தானே மட்டுப்படுத்தும் கருவி ஆகியவற்றை வேண்டாம் என்று சொல்லும் பிரயாணி இருக்க மாட்டார். நல்ல டிரைவரும் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்.

கேரளச் சாலைகளில் 2023 ஜூன் 5 முதல் காமிராக்கள் ஹெல்மெட் இல்லாதவரையும் சீட் பெல்ட் போடாதவரையும் பிடித்து அபராதம் விதிக்கத் தொடங்கின. ஜனங்கள் முணுமுணுத்தார்கள். ஆனாலும் ஹெல்மெட் தலையில் ஏறியது. மனிதனை ஒழுங்குக்குக் கொண்டுவரும் யந்திரத்தை இந்த நாட்டு ஜனங்கள் ஏற்றுக்கொள்வார்கள் என்பதற்கு அது ஓர் அத்தாட்சி.

பிரயாணியும் டிரைவரும் ஒரே வீட்டில்

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்க நகரத்தில் டாக்சியில் ஏறுபவர் ஒருவர், ஓட்டுபவர் வேறொருவர். இருவரும் மீண்டும் சந்திப்பதுகூட அரிது. தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலைத் தமிழர்களிடையே அப்படி அல்ல. கொழுந்து பறிக்கும் தாயின் மகன்தான் ஜீப் ஓட்டுகிறான். தோட்ட வேலையை விட்டு வெளியேற நினைக்கும் பையனுக்குக் கையில் கிடைக்கும் முதல் தொழில் டிரைவர் தொழில். அப்பா தோட்டத்தில் ஓய்வு பெறும்போது வரும் பணத்தில் பழைய ஜீப் வாங்கி ஸ்டாண்டில் போடுவது பல குடும்பங்களின் கனவு. வேலையிலிருந்து நின்றால் லயத்து வீட்டையும் காலி செய்ய வேண்டிய குடும்பங்களுக்கு அந்த ஜீப்தான் சொத்து.

ஆகவே இங்கே "பிரயாணிக்கு லாபமா?" என்று மட்டும் கேட்டால் பாதிக் கேள்விதான் கேட்டதாகும். டிக்கெட்டில் இரண்டு ரூபாய் மிச்சமாகி, வீட்டுக்கு வரும் சம்பளம் நின்றுபோனால் அந்த வீட்டுக்கு லாபம் என்ன? அந்த இரண்டு ரூபாய்கூட மிச்சமாகும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. டிரைவரை எடுத்த பிறகும் சான் பிரான்சிஸ்கோவில் கட்டணம் கூடுதலாகத்தான் இருந்தது. டிரைவர் கையில் வந்த பணம் ஊர்க் கடையில் செலவாகும். கம்பெனிக்குப் போகும் பணம் எந்த ஊருக்குப் போகும் என்று யாருக்குத் தெரியும்?

மத்திய சாலைப் போக்குவரத்து மந்திரி நிதின் கட்கரி, டிரைவரில்லா வண்டிகளை இந்தியாவில் அனுமதிக்கப் போவதில்லை என்று 2017 ஜூலையிலும் மறுபடி 2023 டிசம்பரிலும் அறிவித்தார். லட்சக்கணக்கான டிரைவர்களின் பிழைப்பு போய்விடும் என்பதே அவர் காட்டிய காரணம். ஒரு மந்திரியின் வாக்கு சட்டம் ஆகிவிடாது. நாளை வேறொருவர் வேறு விதமாகச் சொல்லலாம். அப்போது எல்லைப்புறத் தமிழர்களின் பதில் என்ன என்பதை இப்போதே யோசித்து வைப்பது நல்லது.

கேட்பது என்ன?

கண் தெரியாதவர், கால் இயலாதவர், நள்ளிரவில் தனியே வரும் பெண் ஆகியோருக்கு ஆளில்லா டாக்சி ஒருநாள் பயன்படலாம். பாலக்காடு, கொச்சி போன்ற சமவெளி நகரங்களின் அகன்ற சாலைகளில் அது முதலில் வரலாம். அதை மறுப்பதற்கில்லை. ஆனால் கம்பம்மெட்டு ஏறும் பெண்களும் நெல்லியாம்பதி எஸ்டேட் தொழிலாளர்களும் கேட்பவை எளியவை. ஆளை அடைக்காத ஜீப் வேண்டும். அதற்குக் கூடுதல் வண்டியும், வேலை நேரத்துக்கு ஏற்ற பஸ்ஸும் வேண்டும். தொழிலாளரை அழைத்துவரும் செலவைத் தோட்ட நிர்வாகம் ஒழுங்காக ஏற்க வேண்டும். சரிந்த ஓரங்களுக்குத் தடுப்புச் சுவர் வேண்டும். டிரைவருக்குத் தூங்க நேரமும் வண்டிக்கு இன்ஷூரன்சும் வேண்டும். இரண்டு மாநில அதிகாரிகளும் விபத்து நடந்த வாரம் மட்டுமின்றி எல்லா வாரமும் சோதனை செய்ய வேண்டும். இவற்றில் எதற்கும் லைடார் தேவையில்லை.

மாலை நாலரை மணிக்கு மேல் ஏலக்காட்டு ஜீப்புகள் திரும்ப இறங்கத் தொடங்கும். கை நிறைய ஏலக்காய்க் கறை, கால் நிறைய சேறு, கண்ணில் தூக்கம். யார் எந்தத் தெருவில் இறங்க வேண்டும் என்று ஒருவரும் சொல்வதில்லை. டிரைவருக்குத் தெரியும். தூங்கிவிட்டவரை "ஆத்தா, வீடு வந்துருச்சு" என்று எழுப்பி இறக்கிவிட்டுத்தான் அவர் தன் வீட்டுக்குப் போவார்.